அமரத்துக்குள் ஒளிந்திருந்த ஈரம்

அத்திபெலே என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை சுங்கச்சாவடியும், எல்லையைக் கடக்கக் காத்திருக்கும் சரக்கு லாரிகளின் நீண்ட வரிசையும்தான். ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் நுழைந்ததும் வரும் முதல் பெரிய ஊர் அது. பெங்களூரு நகர்ப்புற மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். கடல்காற்று வேண்டுமானால் அரைநாள் பயணம் செய்தாக வேண்டும். அங்கே, தொழிற்பேட்டைச் சாலையோரத்துப் பட்டறை ஒன்றின் முற்றத்தில், இருபதடி நீளமுள்ள ஒரு மீன்பிடிப் படகு மரக்கட்டைகளின் மேல் ஏறி நின்றதைக் கண்டபோது நாம் வண்டியை நிறுத்தாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பட்டறையின் அன்றாட வேலை கண்ணாடியிழையில் தண்ணீர்த் தொட்டிகளும், இரசாயனப் புகை வெளியேறும் குழாய்களும், இயந்திரங்களுக்கான மூடிகளும் செய்து தருவது. அதன் உரிமையாளர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரக்காரர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அடித்துச் சென்ற படகுகளுக்கு மாற்றாகத் தமிழகக் கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் கட்டப்பட்ட நாட்களில், ஒரு படகுக் கூடத்தில் ரெசின் வாளி தூக்கி வேலை பழகியவர். கரையில் வேலை குறைந்தபோது மலைமேல் ஏறிவிட்டார். படகைக் கொண்டுவந்தவர் அவருடைய ஊர்ப்பக்கத்து இளைஞர். எல்லைக்கு அப்பால் ஒரு நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக் குத்தகையில் பங்குதாரராகச் சேர்ந்து, முட்டம் பக்கமிருந்து பழைய படகொன்றை விலைக்கு வாங்கி லாரியில் ஏற்றி வந்திருக்கிறார். வந்து இரண்டு பருவமழைகூட ஆகவில்லை.

"அண்ணாச்சி, எந்திரத்தை முடுக்கினா பின்பலகை மூச்சு விடுற மாதிரி ஆடுது" என்று அவர் சொல்லியிருக்கிறார். பட்டறைக்காரர் நேரில் போய்ப் பார்க்கவில்லை. "நாளையே லாரியில ஏத்திக் கொண்டுவா தம்பி. அதுவரைக்கும் தண்ணியில இறக்காதே" என்பது மட்டுமே அவருடைய பதில்.

படகின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் நம் கடலோர மக்கள் அழைப்பர். அமரத்தின் கடைசியில் குறுக்காக நிற்கும் தட்டையான சுவரே பின்பலகை; பட்டறைகளில் டிரான்சம் என்பார்கள். வெளிப்பொருத்து எந்திரம் தொங்குவது அதில்தான். பத்துக் குதிரைத்திறன் கொண்ட சிறிய எந்திரமே ஏறத்தாழ 40 கிலோ எடை இருக்கும். எடையைவிடப் பெரிய சுமை அதன் உந்துவிசை. நீருக்கடியில் சுழலும் விசிறி படகை முன்னே தள்ளும்போது, எந்திரத்தின் கீழ்ப்பகுதி பின்பலகையை உள்நோக்கி அழுத்துகிறது. மேலே உள்ள பிடிகள் அதைப் பின்னோக்கி இழுக்கின்றன. ஒவ்வொரு முடுக்கத்துக்கும் ஒவ்வோர் அலைக்கும் இந்த நெம்புதல் நிகழ்கிறது.

இதைத் தாங்குவதற்காகவே பின்பலகையின் நடுவில் மரம் வைக்கிறார்கள். வெளியே சில மில்லிமீட்டர் கண்ணாடியிழைத் தோல், உள்ளே அதேபோல் இன்னொரு தோல், இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அங்குலப் பிளைவுட். ஒரு தகட்டின் தடிமனை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது பொறியியலின் பழைய பாடம். இரு தோல்களையும் விலக்கி நிறுத்தி, அவற்றை ஒரே பலகைபோல் செயல்பட வைப்பதே நடுமரத்தின் பணி. அது மக்கிப்போனால், தோல்கள் தனித்தனியே வளையத் தொடங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. வண்ணப்பூச்சு பளபளவென்றே இருக்கும். ஒருநாள் நடு நீரில் எந்திரம் பலகையோடு பிய்ந்து போகும்போதுதான் தெரியும். பின்சுவர் இல்லாத படகுக்குள் தண்ணீர் புக அதிக நேரம் ஆகாது.

கண்ணாடியிழை மக்குவதில்லை என்ற நம்பிக்கையால்தான் நம் மீனவர்கள் அதற்கு மாறினர். அமெரிக்காவில் 1942இல் ரே கிரீன் என்பவர் கண்ணாடியிழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்த்து ஒரு சிறு படகைக் கட்டியதிலிருந்து இந்தப் பொருளின் கதை தொடங்குகிறது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் மணற்கரைகளில் இறக்கவல்ல படகுகளைச் சோதித்தது; அவற்றில் கண்ணாடியிழைப் படகுகளும் இருந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு முட்டத்தில் படகுக் கூடம் அமைத்துப் பிளைவுட் படகுகளைப் பரப்பியது. பெருமரங்கள் அரிதாகி, குடைந்த வள்ளங்களின் விலை ஏறியிருந்த காலம் அது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமோ, மருந்தூட்டிய ரப்பர் மரத்தில் வள்ளம் செய்து அதன்மேல் கண்ணாடியிழை போர்த்தும் முறையை உருவாக்கியது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்: நம் கரையில் கண்ணாடியிழையும் மரமும் பிரியாமலே வாழ்ந்திருக்கின்றன. தோல் மக்காது, ஆனால் உள்ளே மரம் இருக்கும்வரை மக்கலுக்கு இடமுண்டு.

தமிழகக் கண்ணாடியிழைப் படகுகள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் ஒரே அளவில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சோழமண்டலக் கரையில் பெரும்பாலான படகுகள் நீண்ட தண்டுடைய டீசல் எந்திரத்தைப் படகின் உள்ளேயே தாங்கிச் செல்கின்றன. வெளிப்பொருத்து எந்திரம் மிகுதியாகப் புழங்கும் கன்னியாகுமரிக் கரையில்தான் பின்பலகை உயிர்நாடியாகிறது. இளைஞரின் படகு அந்தக் கரையிலிருந்து வந்தது.

பட்டறைக்காரரின் சோதனைக் கருவி ஒரு சிறு சுத்தியலின் மரக்கைப்பிடி. பின்பலகையை ஒரு மூலையிலிருந்து விரல்கடை விரல்கடையாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேல் மூலைகளில் 'டக் டக்' என்று கூர்மையான ஒலி. எந்திரம் பிடிக்கும் நடுப்பகுதியிலும் அடியில் வடிகால் துளையைச் சுற்றியும் ஒலி மந்தமாகியது, ஈரமண்ணில் தட்டினாற்போல். மந்தம் தொடங்கும் இடங்களில் சுண்ணக்கட்டியால் கோடிட்டார். கோடுகள் கூடியபோது பலகையின் பாதிக்கு மேல் வெள்ளை வட்டத்துக்குள் அடங்கியது. பின்பு உட்புறத்திலிருந்து மட்டும், வெளித்தோலைத் தொடாமல், சிறு துளைகள் இட்டார். நல்ல மரமாயின் துளைப்பானோடு வெளிறிய உலர்ந்த சுருள்கள் வரும். இங்கே வந்தது ஈரமான காப்பித்தூள் போன்ற கறுப்புச் சக்கை. தேங்காய்த் தொண்டு ஊறும் குளத்தருகே நடந்தவர்க்குப் பழக்கமான நாற்றம் எழுந்தது.

தண்ணீர் எப்படி உள்ளே போயிற்று? மூன்று வழிகளை அவர் காட்டினார். எந்திரத்தைப் பிணைக்கும் போல்ட்டுத் துளைகள் வெறும் மரத்தில் இடப்பட்டிருந்தன. பூச்சு இல்லை, அடைப்புப் பசையும் காய்ந்து உதிர்ந்திருந்தது. வடிகால் துளையின் பித்தளைக் குழாய் தளர்ந்திருந்தது. மூன்றாவது, முந்தைய உரிமையாளர் ஆழமானிக்காக நீர்மட்டத்துக்குக் கீழே முடுக்கிப் பின்பு கழற்றிவிட்ட இரண்டு திருகாணிகளின் ஓட்டை. தீக்குச்சி நுழையும் அளவுகூட இல்லை.

அப்போது அவர் சொன்ன ஒரு செய்தி நமக்குப் புதியது. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு உப்பு அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை. கடல்நீரில் ஊறிய மரம் நன்னீரில் ஊறியதைவிட மெதுவாகவே மக்கும். மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்திருந்து, காற்றும் மிதமான வெப்பமும் கிடைத்தால் போதும், பூஞ்சை குடியேறிவிடும். கடலில் பல ஆண்டுகள் ஓரளவு தப்பித்திருந்த அந்தப் பின்பலகை, நன்னீர் அணைக்கு வந்து, மழையில் மூடாக்கின்றிக் கிடந்தபோது விரைந்து கெட்டிருக்கிறது. 'கடலையே தாங்கிய படகு, ஏரியைத் தாங்காதா' என்று எண்ணி வாங்கிய இளைஞரின் முகம் அப்போது வாடியதை நாம் கண்டோம்.

இனி பணக்கணக்கு. புதிய ஓடு வாங்குவதா, பழையதைச் செப்பனிடுவதா? குத்தகைக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. அணையில் நீர் நிறைந்திருக்கும் மாதங்களில் படகு கரையில் கிடந்தால் தவணை கட்டுவது எப்படி? காப்பீடு கைகொடுக்குமா என்று அவர் கேட்டார். நம் வாசகர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. பொதுவாகப் படகுக் காப்பீடு திடீர் விபத்துக்கானது. நாள்பட்ட தேய்மானம், மக்கல், பராமரிப்புக் குறைவு ஆகியவை விலக்குகளின் பட்டியலில் இருக்கும். பின்பலகை பிய்ந்து படகு மூழ்கினாலும், அதற்கு மூலம் பல மாத மக்கல் என்று ஆய்வாளர் எழுதினால் கோரிக்கை தடைப்படலாம். ஒப்பந்தத்தில் விலக்குகள் அச்சிடப்பட்ட பக்கத்தைப் பிரீமியம் கட்டும் நாளிலேயே படித்துவிடுவது நல்லது.

கடன் பற்றியும் ஒரு சொல். 2018-19 முதல் உழவர் கடன் அட்டை வசதி மீனவர்களுக்கும் மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது; அது அடிப்படையில் எரிபொருள், பனிக்கட்டி, கூலி போன்ற நடைமுறைச் செலவுகளுக்கானது. 2020இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில், மரபுவழி மீனவர்களின் பழைய படகுகளை மாற்றவும் வலைகள் வாங்கவும் உதவி உண்டு. பழைய படகை விலைக்கு வாங்குவோர் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சந்தில் நிற்கிறார்கள். கைக்காசையும் உறவினர் கடனையும் போட்டு வாங்கிவிட்டு, செப்பனிடும்போதுதான் வங்கியின் நினைவு வருகிறது. வாங்குவதற்கு முன்பே வந்திருந்தால், சுத்தியலோடு ஒருவரை அனுப்பி அந்தப் பலகையைத் தட்டிப் பார்க்கச் சொல்லியிருப்போம் என்று தோன்றியது. வங்கியாளரின் மேசையிலும் ஒரு சிறு சுத்தியல் இருந்தால் தவறில்லை போலும்.

பட்டறைக்காரர் ஓட்டின் மற்ற பகுதிகளையும் தட்டிப் பார்த்தார். அடிப்பகுதி, பக்கங்கள், அணியம் எல்லாம் உறுதி. பின்பலகையை அடிப்பகுதியோடு பிணைக்கும் முட்டுகளில் ஒன்றின் அடி மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு நனைந்திருந்தது. புதிய ஓட்டின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் முடித்துவிடலாம், பதினைந்து நாள் வேண்டும் என்றார். உட்புறமாகவே திறந்து வேலை செய்வதென்று முடிவாயிற்று. அப்படிச் செய்தால் வெளித்தோலும் அதன் வழவழப்பான மேற்பூச்சும் சிதையாமல் நிற்கும்.

அடுத்த வாரம் நாம் சென்றபோது உள்தோல் அறுக்கப்பட்டிருந்தது. ஓரங்களில் இரண்டங்குல விளிம்பை விட்டுவிட்டு, வைரத்தூள் பதித்த வட்ட அறுப்பானால், நான்கு மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல் அறுத்து, தோலை ஒரே தகடாகப் பெயர்த்திருந்தார்கள். உள்ளிருந்த மரத்தில் ஒரு பாதியைக் கையாலேயே அள்ளிவிட முடிந்தது. மற்றப் பாதி, உலர்ந்த மேல் மூலைகள், உளிக்கும் சுத்தியலுக்கும் இரண்டு நாள் போக்குக் காட்டியது. உறுதியாக இருக்கும் மரத்தை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டோம். நல்ல மரத்துக்கும் கெட்ட மரத்துக்கும் நடுவே பூஞ்சை கோடு கிழித்து நிற்பதில்லை. கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் ஓரத்திலும் அதன் இழைகள் ஊடுருவியிருக்கும் என்றார். முட்டின் நனைந்த பகுதியையும் ஒரு சாண் நல்ல மரம் சேர்த்தே வெட்டியிருந்தார்.

பின்பு காயவைத்தல். இதில்தான் பலர் தவறுகிறார்கள். அவசரத்தில் ஈரத்தோலின்மேல் ஒட்டினால் பசை பிடிக்காது. பிடித்ததுபோல் நடித்துவிட்டு ஓராண்டில் கழன்றுவிடும். படகின் மேல் தார்ப்பாய்ப் பந்தல் போட்டு, இரு மின்விசிறிகளை இரவும் பகலும் ஓடவிட்டு, மாலையில் விளக்குச் சூடு காட்டி ஐந்து நாட்கள் வைத்திருந்தார்கள். மேட்டுநிலக் குளிர்காற்றில் கடலோரத்தின் உப்புப்பிசுபிசுப்பு இல்லாதது நல்லது. ஆனால் இரவுக் குளிரில் ரெசின் இறுக நேரமாகும். ஆகவே ஒட்டும் வேலைகளையெல்லாம் காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டார்.

மரம் வாங்கும்போது அவர் பார்த்தது பலகையின் மேல் அச்சிடப்பட்டிருந்த ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண்ணை. கப்பல் தரப் பிளைவுட்டுக்கான எண் அது; ஏடுகளை ஒட்டியிருக்கும் பசை கொதிநீரைத் தாங்கும். வீட்டு அலமாரிக்கு வாங்கும் ஐ.எஸ். 303 பலகையை இங்கே வைத்தால் சில மழைக்காலங்களிலேயே ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். 18 மில்லிமீட்டர் பலகைகள் இரண்டை ஒன்றாக ஒட்டி 36 மில்லிமீட்டர் ஆக்கினார்.

வார்ப்பட்டை அட்டையை வெட்டி அளவெடுத்து, அதன்படி அறுத்த பலகையை முதல்முறை பொருத்தியபோது அடியில் ஒரு விரல்கடை இடைவெளி தெரிந்தது. அளவு தவறவில்லை, படகுதான் மாறியிருந்தது. நடுமரத்தை எடுத்தபின் பிடிமானம் இழந்த ஓடு, தன் எடையாலேயே பின்பக்கம் சற்று விரிந்து தொய்ந்துவிட்டது. அப்படியே ஒட்டியிருந்தால் படகு அந்தக் கோணலோடு நிரந்தரமாக உறைந்திருக்கும். தம் உதவியாளரைக் கடிந்துகொள்ளாமல், "கட்டையை ஒருமுறைக்கு மூணுமுறை பாருன்னு சொன்னேன்லா" என்று மட்டும் முணுமுணுத்தார். ஓட்டை ஜாக்கியால் தூக்கி, இருபுறமும் கயிற்றால் இறுக்கி, வெளிப்புறத்தில் நேரான இரும்புச் சட்டம் ஒன்றை அணைத்து நிறுத்திய பின் பலகை பிசகின்றி உட்கார்ந்தது. அந்த ஒரு நாள் தாமதத்தை இளைஞர் விரலில் எண்ணிக்கொண்டிருந்தார்.

பசையாக எதைப் பயன்படுத்துவது என்பதில் சிறு விவாதம் நடந்தது. படகு பிறந்தது பாலியெஸ்டர் ரெசினில். அது மலிவானது, கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி ஹார்டனர் சேர்த்தால் இறுகிவிடும். ஆனால் மரத்தையும் பழைய தோலையும் எப்பாக்சி பற்றிக்கொள்வதுபோல் அது பற்றாது. எப்பாக்சியின் விலையோ பல மடங்கு. இளைஞர் தயங்கினார். "கூலி ரெண்டுக்கும் ஒண்ணுதான் தம்பி. மலிவானதைப் போட்டுட்டு மறுபடி திறந்தா, கூலியும் போச்சு, சீசனும் போச்சு" என்றார் பெரியவர். நாமாயிருந்தாலும் அதையே சொல்லியிருப்போம்.

எப்பாக்சிக்குத் தனி ஒழுங்குகள் உண்டு. வழக்கமான துண்டிழை மேட்டில் இழைகளைப் பிணைத்திருக்கும் பொருள் பாலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்று செய்யப்பட்டது. எப்பாக்சியில் அது சரியாகக் கரையாது. ஆகவே நூலால் தைத்த குறுக்கிழைத் துணியை வரவழைத்தார். பெரிய வாளியில் கலந்தால் தன் சூட்டிலேயே கொதித்துக் கெட்டியாகிவிடும் என்பதால் சிறு சிறு குவளைகளில் கலந்தார்கள். முதலில் பலகையின் எல்லா முகங்களுக்கும், சிறப்பாக வெட்டுமுனைகளுக்கும், மூன்று முறை நீர்த்த எப்பாக்சி ஊட்டப்பட்டது. பின்பு மென்சிலிக்காத் தூளும் பொடித்த இழையும் சேர்த்து வெண்ணெய்ப் பதத்தில் குழைத்த பசையை வெளித்தோலின் உட்புறத்தில் பற்கரண்டியால் வாரி இழுத்தார்கள். பலகையை வைத்துப் பழைய போல்ட்டுத் துளைகள் வழியாகவே மெழுகு தடவிய போல்ட்டுகளை இட்டு மெல்ல இறுக்கியபோது, நான்கு ஓரங்களிலும் பசை பிதுங்கி வந்தது. எங்கேனும் பிதுங்காதிருந்தால் அங்கே காற்று அடைபட்டிருக்கிறது என்று பொருள். அளவுக்கு மீறி முடுக்கினால் பசை முழுதும் வெளியேறி ஒட்டு வறண்டுவிடும். அந்த முடுக்கத்தின் அளவு அவர் மணிக்கட்டில் மட்டுமே இருந்தது. நமக்கு எழுத்தில் தர இயலவில்லை.

மூலைகளைப் பசையால் கிண்ணத்தின் உள்விளிம்புபோல் வளைவாக்கினார்கள். கண்ணாடியிழை செங்கோணத்தில் மடங்காது. அதன்மேல் துணி அடுக்குகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக, பக்கச்சுவர்களிலும் அடிப்பகுதியிலும் ஏறிப் படியும்படி. எப்பாக்சி இறுகும்போது மேலே மெழுகுபோல் ஒரு வழுக்குப் படலம் கசியும். மறுநாள் அதைத் தண்ணீரால் கழுவி, உப்புத்தாள் தேய்த்த பின்பே அடுத்த பூச்சு. பழைய தோலைத் தேய்த்தபோது எழுந்த வெண்தூசி பந்தலெங்கும் மிதந்தது. பணியாளர்கள் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அணிந்திருந்தது ஆறுதல். வெறும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இதே வேலையைச் செய்யும் பட்டறைகள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். பாலியெஸ்டர் வேலையில் இன்னோர் ஆபத்தும் உண்டு: கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். இரு புட்டிகளையும் அவர் கூடத்தின் எதிரெதிர் மூலைகளில் பூட்டி வைத்திருந்தார்.

கடைசி வேலைதான் முதல் தவறைத் திருத்துவது. எந்திர போல்ட்டுக்கான துளைகளைத் தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, கெட்டி எப்பாக்சியால் முழுதும் அடைத்து, அது இறுகிய பின் அதன் நடுவே சரியான அளவில் மீண்டும் துளைத்தார்கள். இனி போல்ட்டு தொடுவது எப்பாக்சியை, மரத்தை அல்ல. அடைப்புப்பசை என்றேனும் கெட்டாலும் தண்ணீருக்கு மரத்திடம் வழியில்லை. வடிகால் துளைக்கும் அப்படியே. ஆழமானியின் ஓட்டைகள் நிரந்தரமாக மூடப்பட்டன. எப்பாக்சிக்கு வெயில் ஆகாதென்பதால் உட்புறத்துக்குச் சாம்பல் வண்ணம் பூசப்பட்டது.

பதினெட்டாம் நாள் எந்திரத்தை ஏற்றிப் பிணைத்தார்கள். இளைஞர் எந்திரத்தின் அடித்தண்டைப் பிடித்துத் தம் முழு எடையையும் போட்டு மேலும் கீழும் நெம்பினார். பட்டறைக்காரர் பின்பலகையும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். அசைவில்லை. சுத்தியல் கைப்பிடியை எடுத்து மேலிருந்து கீழாக ஒருமுறை தட்டிக்கொண்டு வந்தார். பலகை முழுதும் ஒரே ஒலி.

லாரி வந்தது. ஏற்றும்போது அவர் இளைஞரிடம் ஒரு பழைய தார்ப்பாயைக் கொடுத்து, கரையில் நிற்கும்போதெல்லாம் அணியத்தை உயர்த்தி வைக்கவும், வடிகால் மூடியைக் கழற்றிவிடவும் சொன்னார். கூலியில் பாதியை அன்றே வாங்கிக்கொண்டார். மீதி, மீன் விற்றபின்.